அவள் வெட்டிய முதல் துணி

என் கப்பல்காரருக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். நாங்கள் நன்றாக இருக்கிறோம். உங்கள் மகளைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டும்.

நம் தையல் கடைக்கு எதிர்ச் சுவரில் ஒரு பெட்டி இருக்கிறதே, இதயம் நின்றுபோனவர்களுக்கு ஷாக் கொடுத்து மீட்கிற கருவி, அதில் நான் குடை மாட்டிவைப்பேன். போன செவ்வாய்க்கிழமை அதன் கீழேயே ஒரு பெண்மணி பேச்சுமூச்சில்லாமல் விழுந்துவிட்டாள். கூடிய கூட்டம், "தண்ணி தெளிங்க", "யாரும் தொடாதீங்க" என்று ஆளுக்கொன்று சொன்னதாம். நம்மவள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தாளாம்.

"வேடிக்கை பாக்காதீங்க! நீங்க நெஞ்சை அழுத்துங்க, நீங்க ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க!"

அப்படியே உங்கள் அதட்டல் என்கிறார் சாவிக்கடைக்காரர்.

ஷாக் கொடுக்கும் பட்டைகளை வெறும் தோலில் ஒட்டும்படி கருவியே குரல் கொடுத்துச் சொன்னதாம். உடனே கடைக்குள் ஓடி என் கத்தரிக்கோலை எடுத்திருக்கிறாள். நான் யாரையும் தொடவிடாத அதே கத்தரிக்கோல்! துணியில் கை வைக்கவே நடுங்குகிறாள் என்று அவளைக் கேலி செய்வோமே, சட்டையைச் சர்ரென்று ஒரே வெட்டாம். பட்டைகளை ஒட்டி, எல்லாரையும் விலக்கிவிட்டுப் பொத்தானை அழுத்தினாளாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் மூச்சு திரும்பிவிட்டது.

"எப்படிடி தெரியும்?" என்று கேட்டேன். "காலேஜ்ல ஒரு தடவை காட்டினாங்கம்மா" என்கிறாள்.

கையெழுத்து கோணலாக இருக்கும். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், நர்ஸ் வேறு முறைக்கிறார். பதறாதீர்கள். நீங்கள் எனக்கு வாங்கித் தந்த நீலச் சட்டைதான் போய்விட்டது. ஆனால் வெட்டு அவ்வளவு நேர். பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன், வந்து பாருங்கள்.

உங்கள் தையல்காரி