ரோட்டோரத்தில் நான் இறக்கச் சொன்ன துணிமூட்டைகள்

பாவா,

இன்று காலை கடையைத் திறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வழக்கமாக வரும் அம்மா ஒருவர் பெரிய கட்டைப்பையைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். "அண்ணா, வெள்ளத்துக்கு வண்டி அனுப்பப் போறீங்களாமே, இதையும் சேத்துக்கங்க" என்றார். பையைத் திறந்தேன். பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த புடவைகள், சட்டைகள். பாச்சை உருண்டை வாசனையும் ஈரத்தில் மக்கிய துணியின் வாசனையும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏறின. பையை வாங்கவும் முடியவில்லை, திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. அப்படியே நின்றேன்.

உனக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. எதிரெதிர்க் கடை வைத்திருந்தவர்கள் கடிதம் எழுதிக்கொள்வார்களா? என்னுடையது லுங்கியும் துண்டும் விற்கும் கடை. உன்னுடையது மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பட்டறை. நடுவில் ஒரு தெரு அகலம். நமக்குள் உறவு ஏதும் கிடையாது. நகரியிலிருந்து வரும் தெலுங்குக்காரர் ஒருவர், நாம் ஒரு நாள் வாய்ச்சண்டை போட்டதைப் பார்த்து, "மாமன் மச்சானா நீங்க ரெண்டு பேரும்?" என்று கேட்டாரே, அன்றிலிருந்து, மச்சானைத் தெலுங்கில் சொல்வதுபோல, நீ எனக்குப் பாவா, நான் உனக்குப் பாவா. நீ சர்ச்சுக்குப் போவாய், நான் மலைக்கோயிலுக்குப் போவேன். உன் பட்டறையில் கரண்ட் இல்லாதபோது என் கடையில் உட்கார்ந்து கம்பி சுற்றுவாய்.

சில வருஷங்களுக்கு முன் அந்தப் புயல் வந்த வாரம் நினைவிருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அபத்தம். எனக்கு நினைவிருப்பதைச் சொல்கிறேன்.

கடலோரத்து ஊர் ஒன்று தண்ணீரில் மூழ்கியதை டிவியில் காட்டினார்கள். அன்றே நான் வாட்ஸாப்பில் செய்தி போட்டேன்: திருத்தணி மக்கள் சார்பில் லாரி போகிறது, பழைய துணிகளை நம் கடையில் கொண்டுவந்து கொடுங்கள். கீழே என் கடையின் பெயர். இரண்டு நாளில் கடை வாசலில் மூட்டைகள் என் உயரத்துக்கு எழும்பிவிட்டன. பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருக்கும் ஒரு குடும்பம் மட்டும் மடிப்புக் கலையாத புது லுங்கிகள் கொடுத்தது. அவற்றை அடியில் போட்டு, மேலே பழைய மூட்டைகளை ஏற்றினோம். நான் கைகூப்பி நிற்கும் படம் போட்டு பேனர் அடித்தேன். அதில் என் முகம் லாரியின் சக்கரம் அளவுக்கு இருந்தது.

அதற்குள் நீ ஒரு காரியம் செய்திருந்தாய். அந்தப் பக்கத்தில் டீசல் என்ஜின் பழுது பார்க்கும் ஒருவரை உனக்குத் தெரியும். அவருக்குப் போன் செய்து, அவர் மூலமாக முகாமில் இருந்த மகளிர் குழுத் தலைவியிடம் பேசியிருந்தாய். அவர் சொன்னதையெல்லாம் ஒரு பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு என் கடைக்கு வந்தாய்.

"பாவா, கேட்டுட்டேன். பிளீச்சிங் பவுடர், பக்கெட்டு, தார்ப்பாய், பொம்பளைங்களுக்கு நாப்கின், புதுசா உள்துணி. வீட்டுக்குள்ள நிக்கிற தண்ணிய எறைக்க டீசல் பம்பு. சோறு பக்கத்து ஊர்லருந்து வந்துகினு கீதாம். பழைய துணி மட்டும் வேணவே வேணாம்னாங்க."

"ஜனங்க ஆசையா குடுக்கறாங்க. வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றேன்.

"ஏன் முடியாது? வாங்கிக்கறவங்களே வேணாம்னு சொல்றாங்களே."

நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். நீ விடவில்லை. "மொத வாரம் எல்லாரும் போவாங்க பாவா. ரோடே அடைச்சிக்கும். ரெண்டாவது வாரம் ஒருத்தனும் போவமாட்டான். நாம அப்போ போலாம். அதுக்குள்ள அவங்க கேட்டத வாங்கலாம்."

நீ சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று இன்றைக்கு நான் பொய் சொல்லப்போவதில்லை. ஆனால் மறுநாள் காலை லாரியைக் கொடியசைத்து அனுப்ப ஆட்களை அழைத்துவிட்டேன். மாலை வாங்கிவிட்டேன். என் பேனரில் 'இரண்டாவது வாரம்' என்று போட முடியாது அல்லவா? "உனக்கு எல்லாத்துலயும் ஒரு தடை சொல்லணும்" என்றேன். நீ அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாய். பிறகு உன் பட்டறையிலிருந்து இரண்டு டீசல் பம்புகளைத் தூக்கிவந்து லாரியின் பின்பக்கம் ஏற்றினாய். உன் கைக்காசில் வாங்கிய பிளீச்சிங் பவுடர் மூட்டையையும் வைத்தாய். மாலை போடும்போது உன்னைத் தேடினார்கள். நீ லாரிக்குள் உட்கார்ந்திருந்தாய்.

நான் காரில் பின்னால் வந்தேன். அந்தக் கடலோர ஊருக்கு முன்னால் வாய்க்காலை ஒட்டி ஒரு வளைவு. அங்கே லாரியின் பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அதற்குப் பின்னால் குடிதண்ணீர் டேங்கர் ஒன்று வந்து நின்றது. நம் லாரி நகராமல் அது போக முடியாது. காலிக் குடங்களோடு பெண்கள் அந்தப் பக்கம் வரப்புமேல் நின்று டேங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீ இறங்கி, பலகை போட்டு, முதுகு கொடுத்துத் தள்ளினாய். லாரி வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் காருக்குள் இருந்தேன். மழை.

முகாம் ஒரு பள்ளிக்கூடம். நீ போனில் பேசிய அந்தத் தலைவி அங்கே இருந்தார். நடுத்தர வயது, முழங்கால்வரை சேறு. நான் ஒரு மூட்டையைப் பிரித்து, ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, போட்டோவுக்காகக் கொஞ்சம் நிமிரச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். ஜிப் அறுந்த ஒரு பேண்ட். தோளில் கிழிந்த ஒரு ஜாக்கெட்.

"எங்க வீட்டுலயும் துணி இருந்துச்சுங்க, நனைஞ்சுபோச்சு" என்றார். "உங்க வீட்டுல குப்பை இருந்துச்சு. லாரி கிடைச்சிச்சு."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். பிறகு வகுப்பறையைக் காட்டி, "படுக்கவே இடம் இல்ல. இதை எங்க வைக்கிறது, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நீ என்னைத் தனியே அழைத்தாய். "திருப்பி எடுத்துகினு போயிடலாம் பாவா. ஒண்ணும் தப்பில்ல. புது லுங்கிய மட்டும் எடுத்துக் குடுத்துட்டு மீதிய ஊருக்கே கொண்டுபோயிடலாம்" என்றாய்.

மாலை போட்டு அனுப்பிய லாரி நிறைந்தபடியே திரும்பிவந்தால் தெருவில் எப்படித் தலை காட்டுவது என்ற ஒன்றுதான் எனக்கு ஓடியது. டிரைவரிடம், "ரோட்டோரம் அந்தப் புளியமரத்துக்கிட்ட இறக்கிட்டுக் கிளம்பு" என்று சொன்னது நான். வாய் என்னுடையது. வார்த்தை என்னுடையது. லாரியை மூடியிருந்த தார்ப்பாய் டிரைவருடையது, அவர் எடுத்துக்கொண்டார். மழைக்கு மறைப்பாக என் பேனரை மூட்டைகள்மேல் விரித்தார்கள். நீ உன் பம்புகளை இறக்கினாய். "நான் இருந்துட்டு வரேன்" என்றாய். அன்றே நான் ஊர் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த வீடியோ வந்தது. புளியமரத்தடியில் சேற்றில் ஊறிப் பரவிக் கிடக்கும் துணிகள். அவற்றின்மேல் நிற்கும் மாடுகள். மாட்டின் காலடியில் என் கைகூப்பிய முகம். ஊரெல்லாம் பார்த்தார்கள். நம் தெருக் கடைக்காரர்கள் அன்று மதியமே கூடினார்கள். "இன்னாபா இது, திருத்தணி பேரையே கெடுத்துட்டீங்க" என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் அன்னிக்கே வந்துட்டேங்க. எறக்கி வெக்கிற பொறுப்பு அவனுதுதான்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். பின்னால் என்ஜின் ஓடும் சத்தம். "பாவா, வீடியோ பாத்தேன். நீ கவலப்படாத. துணியெல்லாம் ஸ்கூல் பின்னாடி கொட்டாய்க்கு மாத்திட்டோம். பாதி தேறாது. தேறினத அலசிக் காயவெச்சிகினு கீறோம். தண்ணி எறைக்கிற வேலதான் கொஞ்சம் நின்னுபோச்சு" என்றாய். வீடுகளில் தண்ணீர் இறைக்க வேண்டிய ஆள், நான் கொட்டியதைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். கூட்டத்தில் நடந்ததை உன்னிடம் சொல்ல வாயெடுத்தேன். "சரி, பாத்துக்க" என்று வைத்துவிட்டேன்.

பத்து நாள் கழித்து நீ வந்தாய். கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். நேராக டீக்கடைக்கு வந்தாய், நான் உள்ளே பெஞ்சில் இருந்தேன். உன்னைப் பார்த்ததும் ஒருவர், "இன்னாபா, துணிய ரோட்ல கொட்டிட்டு வந்தியாமே?" என்றார். நீ முதலில் அவரைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆங்" என்றாய். "ஆமா."

டீயைக் குடித்தாய், போய்விட்டாய்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மலையடிவாரத்தில் நம் தெருக்காரர்கள் போடும் தண்ணீர்ப் பந்தலுக்கு வேறு ஒரு மோட்டார்காரரைக் கூப்பிட்டார்கள். எத்தனையோ வருஷமாகக் காவடிக் கூட்டத்துக்கு நடுவே அந்த மோட்டாரைத் தண்ணீர் நிற்காமல் ஓட்டியவன் நீ. "அவன் பொறுப்பில்லாதவன்பா" என்று யாரோ சொன்னார்கள். அந்தக் கூட்டத்திலும் நான் இருந்தேன். காவடி ஏறிய அந்த மூன்று நாளும் நீ பட்டறையைத் திறக்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், கையில் பாதி கட்டிய காயிலோடு, பட்டறை ஸ்டூலிலேயே சாய்ந்துவிட்டாய். தெருவைத் தாண்டி முதலில் ஓடிவந்தது நான்தான். உன் அடக்கத்தன்று சர்ச்சில் என்னைப் பேசச் சொன்னார்கள். நல்லவன் என்றேன், உதவி செய்கிறவன் என்றேன். தெருக் கடைக்காரர்கள் எல்லாரும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லாமல் இறங்கினேன்.

இன்று அந்த அம்மாவிடம் கடைசியில் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அங்க இன்னா வேணும்னு கேட்டுட்டுச் சொல்றேம்மா" என்றேன். அவர் முகம் சுருங்கியது. மதியம் கடைக்காரர்கள் கூடினார்கள். லாரி, பேனர், மாலை என்று பேச்சு ஆரம்பித்தது. நான் எழுந்து, முதலில் அங்கே ஒரு ஆளைப் பிடித்துக் கேட்போம், அவர்கள் சொல்வதை மட்டும், புதிதாக, கொடுப்போம்; ஆள் வேண்டும் என்றால் இரண்டாவது வாரம் போவோம், வேண்டாம் என்றால் போகாமல் இருப்போம் என்றேன். "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று ஒருவர் சிரித்தார். உன் பெயரைச் சொன்னேன். "துணிய கொட்டினவனா?" என்றார்.

"கொட்டச் சொன்னது நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடையை, நான் பார்த்த கிளாஸை, தண்ணீர்ப் பந்தலை. யாரும் என்னைத் திட்டவில்லை. "வுடுப்பா, அதுதான் முடிஞ்சிபோச்சே" என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். இத்தனை சுலபமாக முடிகிற ஒன்றையா இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தேன் என்று இருந்தது.

அங்கிருந்து நேராகக் கே.ஜி.கண்டிகையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி எஸ்தர் வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தது. நின்றபடியே சொன்னேன். முழுவதும் கேட்டது. மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்ணா" என்றது.

"அவன் சொன்னானா?"

"அவர் சொல்லல. லாரி டிரைவரு ஒரு நாள் வந்து சொன்னாரு. அப்புறம் வீட்டுல இவரத்தான் ஏன்யா ஒத்துகினேன்னு கேட்டேன். 'டீக்கடையில பத்து பேர் இருந்தாங்க, நான் இல்லன்னு சொன்னா அங்கயே அவன் மூஞ்சி செத்துடும். அவனே சொல்லட்டும்'னாரு."

ஒரு புடவையை நான்காக மடித்து மேலே வைத்தது.

"அப்புறமும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்க வீட்டுக்கு வருவீங்க இல்ல? நீங்க வந்து உக்காந்ததும், 'நீ உள்ள போ, அவன் ஏதோ பேச வந்திருக்கான்'னு என்னை அனுப்பிடுவாரு. நீங்க போனதும் நான் வந்து பாப்பேன். ஒண்ணுமில்லன்னு தலைய ஆட்டுவாரு."

பாவா, அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நான் இப்போது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீ நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போடுவாய். டிவியை நிறுத்துவாய். எதுவும் கேட்காமல் என் முகத்தையே பார்த்தபடி இருப்பாய். உனக்கு வயசாகிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் உன்னிடம் நூல் விலை ஏறியதைப் பற்றியும் லுங்கி ஓடாததைப் பற்றியும் பேசிவிட்டு எழுந்து வந்தேன்.