பாதி தூக்கிய ஷட்டரும் எங்கள் வாசல் பந்தலும்

அனுப்புநர்:
இறந்துபோன தையல்காரப் பெண்ணின் தாய்,
ஆஸ்பத்திரியில் துணி துவைப்பவள்,
சந்தைக்குப் பின்சந்து, கடைசி வீடு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: கடைக்காரர்கள் போனில் அழைப்பு விட்டுக் கூட்டம் கூட்டுவதை, அனுமதி இல்லாமல் நடத்த விடக்கூடாது என வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெரிய சாலையில் வீட்டுச் சாமான் கடை திறந்தபோது போனில் விளம்பரம் விட்டார்கள். ஷட்டரைப் பாதிதான் தூக்குவார்களாம். தவழ்ந்து உள்ளே போய் மேசை மணியை முதலில் அடிப்பவருக்குத் துணி துவைக்கும் மெஷின் இலவசமாம். சோப்புத் தண்ணீரில் என் கை வெந்து தோல் உரிவதை என் மகள் தினமும் பார்ப்பவள். மெஷினோடுதான் வருவேன், வாசலில் இடம் ஒதுக்கி வை என்று சிரித்துக்கொண்டே போனாள்.

2. முதலில் குனிந்தது அவள்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் அவள் முதுகில்தான் ஏறினார்கள். ஷட்டரை முழுசாகத் தூக்குங்கடா என்று வெளியே கத்தியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்கள் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். தவழ்ந்து வந்தால்தான் பார்க்க நன்றாயிருக்கும் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். அவளை எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவள் மேல் போர்த்தியிருந்த துணியும் மறுநாள் துவைக்க எங்களிடம்தான் வந்தது.

3. துக்கத்துக்கு வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்களே என்று என் தம்பி வாசலில் நாலு கம்பு நட்டுப் பந்தல் போட்டான். உடல் வீட்டுக்கு வருவதற்குள் தங்கள் ஆபீஸ் மேஸ்திரி வந்துவிட்டார். ரோட்டில் குழி தோண்டியதற்கும் அனுமதி வாங்காமல் கூட்டம் கூட்டியதற்கும் அபராதம் எழுதினார். கட்டிவிட்டோம் ஐயா. அதில் எனக்கு வருத்தமில்லை.

4. அன்றைக்கே கடை மேனேஜரும் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதன் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் பிடித்தார். கடைப் பெயர் மறையுதுக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்றார். என்ன நடக்கிறது என்று புரியாமல் நானும் தள்ளி நின்றேன். சொன்னதைச் செய்தோம் என்று எழுதி அந்தப் படத்தைப் போனில் விட்டிருக்கிறார்கள். மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால், கொடுத்ததை வாங்கும் வழக்கம் இல்லை என்கிறார்கள். அவள் ஒதுக்கச் சொன்ன இடத்திலேயே அது நிற்கிறது.

5. தங்கள் அலுவலகத்தில் புகார் சொல்லப் போனேன். கடைக்காரர் கம்பு நடவில்லை, மைக் கட்டவில்லை, நோட்டீஸ் ஒட்டவில்லை, போனில் கூப்பிட்டால் நாங்கள் என்னம்மா செய்ய முடியும் என்று குமாஸ்தா கேட்டார். வந்தவங்க தானா வந்தாங்க என்றும் சொன்னார். என் வீட்டுக்கும் எல்லாரும் தானாகத்தான் வந்தார்கள் ஐயா. நான் யாரையும் கூப்பிடவில்லை.

6. வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அதே போட்டியை வைக்கிறார்கள். இந்த முறை பிரிட்ஜ். போன தடவை கூட்டத்தைப் பாருங்கள் என்று பழைய வீடியோவையே போட்டிருக்கிறார்கள். அதில் அடியில் தெரியும் பச்சைத் துப்பட்டா என் மகளுடையது. அந்த வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஐயா, போனில் கூப்பிட்டாலும் கூட்டம் கூட்டம்தான் என்று ஒரு உத்தரவு போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த மேஸ்திரியைக் கடை வாசலுக்கு அனுப்புங்கள். எங்கள் வாசலுக்கு வந்த வேகத்தில் வந்தால் போதும்.

அது முடியாது என்றால் வேறொன்று கேட்கிறேன். பந்தல் போட ஒரு அனுமதிச் சீட்டை இப்போதே எழுதி வைத்துவிடுங்கள். வீட்டுப் பெயரை மட்டும் எழுதாமல் விடுங்கள். ஞாயிறு சாயங்காலம் தெரிந்துவிடும்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் அலுவலக வாசல்

பந்தலுக்கு அபராதம் கட்டிய வீட்டுக்காரி
(கையெழுத்து)