வலி விட்ட கால்

ஹம், ஜேர்மனி,
2004 வைகாசி

என் அன்புக்குரியவளுக்கு,

விசா கிடைத்த செய்தி கேட்டு நான் அழுததை இங்கே யாருக்கும் சொல்லவில்லை. நீரும் பிள்ளைக்குச் சொல்லாதேயும்.

நாரி நோ எப்படியென்று கேட்டிருந்தீர். தொழிற்சாலையில் இறைச்சிப் பெட்டி தூக்கித் தூக்கி வந்த நோ அது. இடுப்பிலிருந்து வலது பாதம் வரை நெருப்பாக இழுக்கும். இப்போது பாதத்தில் நோவே இல்லை. செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை, அவ்வளவு சுகம்.

டொக்டர்தான் முகத்தைச் சுளித்தார். நரம்பு நசிந்து கால் விறைத்து உணர்ச்சியே இல்லாமல் போய்விட்டதாம், உடனே ஒப்பரேஷன் செய்ய வேண்டுமாம், அதுவரை கார் ஓடக்கூடாதாம். நீங்கள் வந்து இறங்கிய பிறகு பார்ப்போம் என்று எழும்பி வந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுச் சிவபாதம் அண்ணை, "நான் போய் ஏத்திக்கொண்டு வாறன், நீர் வீட்டில இரும்" என்றார். ஏழு வருடம் காத்திருந்த பெண்சாதியையும், படத்தில் மட்டும் கண்ட மகளையும் இன்னொருவரா கூட்டி வருவது? "ஏலாது அண்ணை" என்றேன். அதோடு அவர் என்னுடன் கதைப்பதில்லை.

விமான நிலையத்துக்கு நானே வருவேன். வீட்டுக்கு ஒரு மணி நேர ஓட்டம், விரைவுச்சாலைதான். பிள்ளையைப் பின்னுக்கு இருத்திவிட்டு நீர் முன்னுக்கு என் பக்கத்தில் இரும். கால் பிரேக்கில்தான் இருக்கிறதா என்று நான் இடைக்கிடை குனிந்து பார்க்க வேண்டும். அந்த நேரம் மட்டும் நீர் வீதியைப் பார்த்துச் சொன்னால் போதும்.

வழி பார்த்திருக்கும்
உம்முடையவன்