அம்மன் முன்னால் வாங்கிய கையெழுத்து

என் உயிரான அண்ணனுக்கு,

அழுது முடித்தாகிவிட்டது. இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல செய்தி. உலு திராமில் உள்ள உன் வீட்டில் அண்ணி இன்னும் இருக்கிறார். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த நோட்டீசைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதானே நீ நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தாய்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

உன் சாவுக்குக் கோயில் தலைவர் வந்தார். எல்லாரையும்விடப் பெரிய மாலை. போட்டுவிட்டு அண்ணியிடம் குனிந்து, "அவசரம் இல்லம்மா, கருமாதி முடியட்டும். அப்புறம் சாவியைக் கொடுத்தா போதும்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

லாரிக் கடனுக்கு பேங்க் நெருக்கியபோது நீ அவரிடம் போய் நின்றாய். வட்டிக்குத் தருகிறேன், வீடு ஈடாக இருக்கட்டும் என்றார். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, அதன் மேல் கடன் பாரம் என்று ஒரு படிவத்தை வைத்து, அம்மன் சன்னிதியில் கையெழுத்துக் கேட்டார். தாம்பாளத்தில் வந்த காகிதத்தை நம்மில் யார் படித்துப் பார்க்கிறோம்? படித்தால் அம்மனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமே. நீயும் கண்ணில் ஒற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டாய். அது வீட்டை அவர் பேருக்கு மாற்றுகிற பாரம், அண்ணே. லாரியை பேங்க் இழுத்துக்கொண்டு போய், உன் வட்டி நின்றதும், மனுஷன் அதை வெளியே எடுத்தார்.

ஜொகூர் பாருவில் ஒரு லாயரைப் பார்த்தேன். நம் பெண்தான், என் வயதுதான் இருக்கும்.

"வட்டிக்கு விட அவருக்கு லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார்.

"கோயில் தலைவருக்கு எதுக்குங்க லைசென்ஸ்?"

சிரித்துவிட்டார். லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடுவது குற்றமாம். அந்தக் கடனே சட்டப்படி செல்லாதாம். அதைக் காட்டிப் பிடுங்கிய வீட்டைக் கேட்டு வழக்குப் போடலாமாம். "உங்க அண்ணன் முன்னாடியே வந்திருக்கலாம்லா. தவணையைக் குறைக்கச் சொல்லி பேங்க்கிட்ட இலவசமாவே பேசித் தர்ற இடம் இருக்கு. திவாலாகி பேங்க்ரப் ஆனாக்கூட அதுல இருந்து வெளிய வர வழி இருக்கு" என்றார்.

பேங்க்ரப் ஆனால் கோயிலில் தலைகாட்ட முடியாது என்று பயந்தாயே, அந்தக் கோயிலில்தானே உன்னைக் கவிழ்த்தார்கள்?

முதல் வேலையாக நில அலுவலகத்தில் கேவியட் போட்டோம். அதற்குப் பிறகு தலைவரால் வீட்டை யாருக்கும் விற்க முடியவில்லை. ஆனால் ஒரு சிக்கல். தலைவருடைய லாயர், நீ தன் ஆபீசுக்கு வந்து தெரிந்தேதான் வீட்டை விற்றாய் என்று அந்தப் பாரத்தில் சாட்சி போட்டிருந்தார். நடந்ததைப் பார்த்து, எனக்கு ரகசியமாகச் சொன்னவர் குருக்கள் ஒருவர்தான். இந்தியாவிலிருந்து வந்த அவருடைய வேலை பெர்மிட் தலைவர் கையில். சாட்சி சொல்லக் கூப்பிட்டதும், விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஆகவே கோயில் ஆண்டுக் கூட்டத்துக்குப் போனேன். பூஜை முடிந்து எல்லாரும் சன்னிதியில் நிற்கும்போது, கற்பூரம் எரிகிற நேரம் பார்த்து, பூனை மாதிரிக் கேட்டேன்.

"தலைவரே, ஊர்ல உங்களைத் தப்பாப் பேசறாங்க. எங்க அண்ணனை லாயர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய் ஏமாத்தினீங்களாம். என்னால நம்ப முடியல."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கற்பூரத்துக்கு மேல் கையை நீட்டினார்.

"எவன் சொன்னான்? எந்த லாயர் ஆபீசுக்கும் உன் அண்ணன் வரல. இதோ, இந்த அம்மன் முன்னாடிதான் கையெழுத்துப் போட்டான். நான் கடன் கொடுத்தேன், வட்டி வாங்கினேன். ஒரு சென் காசுகூட ஏமாத்தல."

அத்தை மகன் குமார் எனக்குப் பின்னால் நின்று போனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தான். அன்றைக்குப் பிரசாதக் கேசரியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி.

தன் சாட்சி பொய் என்று தலைவரே சொல்லும் அந்தப் பதிவைப் பார்த்த பிறகு அவருடைய லாயருக்குக் குரல் மாறிவிட்டது. வீட்டை அண்ணி பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் தலைவர் மனைவி வந்து, போலீசுக்கு மட்டும் போக வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

"விட்டுடுலா, வீடுதான் வந்துருச்சே" என்கிறார் அண்ணி. நீ இருந்தாலும் அதைத்தான் சொல்வாய். வீடு வந்தது சரி, நீ வந்தாயா? சாவு வீட்டில் நின்று சாவி கேட்டவரை நான் எப்படி விடுவேன்?

நாளைக் காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போகிறேன். வழக்கு எத்தனை வருஷம் இழுத்தாலும் ஒவ்வொரு தடவையும் முன் வரிசையில் உட்காருவேன். தலையைத் திருப்பும் போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீடு அண்ணிக்கு. அந்த ஆள் எனக்கு. இது சத்தியம்.

விட்டுக்கொடுக்காத உன் தங்கச்சி,
பரமேஸ்