ப்ளீச் வாளியில் ஊற்றிய கலங்கல்

மார்ச் 3, செவ்வாய்

மேதை இன்றும் அந்தப் படத்தைச் சுவரில் போட்டுக் காட்டினார். விழுங்கு செல் ஒன்று, அதன் வயிற்றுக்குள் ஆறேழு ஈஸ்ட். "பாருங்க, எப்படி முழுங்கியிருக்கு" என்று குழந்தை சாப்பிட்டதைப் பெருமையாகச் சொல்லும் தாயைப் போல ஒரு குரல். எங்கள் ஆய்வகத் தலைவருக்கு மேதை என்று பெயர் வைத்தது நான்தான். காதில் விழுந்தால் சந்தோஷப்படுவார். கிண்டல் என்று புரியாது.

அந்த ஈஸ்ட் மூச்சு வழியாக நுரையீரலுக்குள் போய், அங்கிருந்து மூளையில் குடியேறும் ஜாதி. வெளியே சர்க்கரைச் சங்கிலிகளால் ஆன வழவழப்பான உறை. விழுங்கு செல்லுக்குப் பிடி கிடைக்காது, வழுக்கிக்கொண்டு போகும். நாங்கள் மருந்தாகச் செய்திருக்கும் ஆன்டிபாடி இரண்டு கையாலும் உறையைப் பிடித்துக்கொண்டு வாலை வெளியே நீட்டும். விழுங்கு செல் அந்த வாலைப் பிடித்து இழுத்து முழுங்கிவிடும். படத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது. பதினேழாம் தேதி கூட்டத்தில் சரி என்றால் மருத்துவமனையில் நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்ப்பார்களாம். ஆன்டிபாடியோடு வழக்கமான மருந்து பாதி அளவுதான். முழு அளவு சிறுநீரகத்தைக் கெடுக்கிறது, அதனால் பாதி என்றதும் எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறுகிறது.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள். அத்தானுக்கு ஒரு வாரமாகத் தலைவலியாம். அவருக்குத் தலைவலி வந்தால்கூட ஊரில் யாருக்கும் வராத தலைவலியாகத்தான் வரும்.

மார்ச் 7, சனி

அத்தானின் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துக் கறுப்பு மையில் கலந்து பார்த்திருக்கிறார்கள். கறுப்புக்கு நடுவில் வெள்ளை வளையங்கள். எங்கள் ஈஸ்ட்டேதான்.

எப்படி வந்தது? ஏசி பெட்டிக்குப் பின்னால் சேர்ந்திருந்த புறா எச்சத்தை அத்தான் துரை தன் கையாலேயே சுரண்டி எடுத்தாராம். முகமூடி கிடையாது. "கூலி ஆள் எதுக்கு, எனக்குத் தெரியாத வேலையா" என்று அக்காவிடம் சொன்னாராம். மாற்றுச் சிறுநீரகம் வைத்த ஆள். உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அமுக்கும் மாத்திரை தினமும் விழுங்குகிற ஆள். அந்தச் சிறுநீரகம் யாருடையது? என் அக்காவுடையது. வயிற்றைக் கிழித்துக் கொடுத்தாள் ஐயா அவள். அதை வைத்துக்கொண்டு இவர் புறா எச்சம் வாருகிறார்.

மார்ச் 8, ஞாயிறு

வார்டுக்குப் போனேன். அத்தான் பேசவில்லை.

இருபது வருஷமாக இந்த மனிதரின் வாயை யாராவது தைத்துவிட மாட்டார்களா என்று நினைத்திருக்கிறேன். எந்த விபத்தைப் பற்றிப் பேசினாலும் இவர் அந்த வண்டியில் ஏற இருந்து கடைசி நிமிஷத்தில் இறங்கியவராக இருப்பார். இன்று என்னைப் பார்த்தார், பெயர் நினைவுக்கு வராதவர் போல. திரும்பிப் படுத்துக்கொண்டார். எரிச்சலாக வந்தது. எரிச்சல்தானா?

மார்ச் 11, புதன்

மருந்து ஏறும்போது கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுக்கம். சிறுநீரக அளவுகள் ஏறத் தொடங்கிவிட்டன. வார்டு டாக்டர் நல்லவர், ஆனால் மேதையின் படத்தைப் பார்த்திருக்கிறார். அக்காவிடம் சொல்லிவிட்டார்.

"உங்க லேப்ல மருந்து இருக்காமேடி. அதுல சேர்ந்தா இதைப் பாதியாக் குறைச்சிடுவாங்களாம். கிட்னி தப்பிச்சிடும்ல? நீ ஏன் என்கிட்ட வாயே திறக்கல?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அத்தானின் ஈஸ்ட் இன்று காலைதான் எங்களிடம் வந்தது. புட்டியில் நோயாளி எண் மட்டும்தான். யாருடையது என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 12, வியாழன்

சீரம் கலந்து, உடம்புக்குள் கிடைக்கிற அளவுக்கே தீனி போட்டு வளர்த்தேன். சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்றினால் அடியில் வெள்ளைப் பொட்டாக ஒட்ட வேண்டும். ஒட்டவில்லை. பாதிக்கு மேல் கலங்கலாக மேலேயே நின்றது.

மேதை எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, அழகா உட்காரலயே. மேல நிக்கிறதை ஊத்திட்டு அடியில இருக்கிறதை எடுங்க. எப்பவும் செய்யறதுதானே."

எப்பவும் செய்யறதுதான். இந்த ஆய்வகத்தில் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். அழகாக உட்காருவது ஆய்வுக்கு, உட்காராதது ப்ளீச் வாளிக்கு.

அவர் போனதும் ஊற்ற இருந்த கலங்கலில் ஒரு சொட்டு எடுத்து மையில் கலந்து பார்த்தேன். கொழுத்த உறைகள். செல் கடுகளவு என்றால் உறை கொண்டைக்கடலை அளவு. அடியில் உட்கார்ந்தவற்றில் உறை இருக்கிறதா என்றே தேட வேண்டியிருந்தது. கனமான உறை போட்டவை வீங்கி மிதக்கின்றன, மெலிந்தவை சமர்த்தாக உட்காருகின்றன. நாங்கள் வருஷக்கணக்காகச் சமர்த்துகளைப் பிடித்து விழுங்கக் கொடுத்துவிட்டு ரவுடிகளைச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறோம். பிறகு எங்கள் மருந்து ரவுடிகளை அடக்குகிறது என்று தம்பட்டம்.

மார்ச் 14, சனி

கலங்கலில் இருந்தவற்றுக்கு ஒளிரும் ஆன்டிபாடி போட்டு விழுங்கு செல்களோடு விட்டேன்.

ஆன்டிபாடி ஒட்டுகிறது. நன்றாகவே ஒட்டுகிறது. ஆனால் மேலே இல்லை, உறைக்குள் ஆழத்தில். வெளி ஓரம் முழுக்க இருட்டு, உள்ளே பச்சை வளையம். வால் சர்க்கரைக்குள் புதைந்து கிடக்கிறது. விழுங்கு செல் வந்து தடவுகிறது, போய்விடுகிறது. போதாததற்கு உறையிலிருந்து கழன்ற சர்க்கரை கரைசலெங்கும் மிதந்து பாதி ஆன்டிபாடியை வழியிலேயே மடக்கிவிடுகிறது. நூறில் ஐந்துகூட உள்ளே போகவில்லை.

ஒரே ஒரு செல். மூளை கிடையாது, பட்டம் கிடையாது. எங்கள் மொத்தக் கூட்டத்தையும் முட்டாளாக்கிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

மேதையின் வீட்டுக்கே போய்ப் படங்களைக் காட்டினேன். முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் சப்பைக்கட்டு ஆரம்பித்தது.

"ஒரு நோயாளியோட ஈஸ்ட்டை வச்சு முடிவு பண்ண முடியாதும்மா. அடுத்த வருஷம் விரிவாப் பார்க்கலாம். கூட்டத்துல இதைக் கிளப்பாதீங்க."

அடுத்த வருஷமாம். அத்தானுக்கு அடுத்த வாரம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியுமா?

மார்ச் 16, திங்கள்

அக்காவிடம் சொன்னேன். கலங்கலில் பார்த்ததிலிருந்து எல்லாம், சுற்றி வளைக்கவில்லை. எங்கள் மருந்து இவருடைய ஈஸ்ட்டிடம் வேலை செய்யாது, பாதி மருந்து என்றால் பாதிச் சாவு என்றேன். அவள் இடுப்பில், அந்தத் தழும்பு இருக்கும் பக்கத்தில், கையை வைத்துக்கொண்டாள்.

"அப்ப கிட்னி போயிடுமா?"

"போகலாம்."

அத்தான் தூங்குகிறார் என்று நினைத்திருந்தோம். கண்ணைத் திறக்காமல் கேட்டார். "உங்க மருந்துன்னு சொல்ற. அதை நீயே வேணாங்கறியா?"

"ஆமா அத்தான்."

"முழுசா ஏத்தச் சொல்லு."

இந்த மனிதர் வாயிலிருந்து இவ்வளவு சின்ன வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவருக்காகவா, அந்தச் சிறுநீரகத்துக்காகவா, தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கூட்டத்தில் எழுந்து படங்களைப் போட்டேன். வார்டு டாக்டர்தான் முதலில் கேட்டார், "அந்தக் கலங்கலை இதுவரைக்கும் யாருமே பார்க்கலயா?"

மேதை எழுந்தார். "இதை எங்க குழுதான் கண்டுபிடிச்சது. நாங்க எப்பவுமே எச்சரிக்கையாத்தான் இருந்திருக்கோம்." குரலில் நடுக்கமே இல்லை. உறையின் தடிமனில் ஈஸ்ட் தோற்றது இவரிடம்.

சோதனையை நிறுத்தி வைத்தார்கள். மாலையில் என் மேசையைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றச் சொல்லி உத்தரவு. மாற்றிக்கொண்டேன்.

மார்ச் 30, திங்கள்

அத்தானின் முதுகுத்தண்டு நீரில் ஈஸ்ட் வளரவில்லை. சிறுநீரகம் கொஞ்சம் கெட்டுவிட்டது. போகவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்கா வீட்டில் சாப்பாடு. ஏசிக்குப் பின்னால் வலை அடித்திருக்கிறார்கள். கூலி ஆள் வைத்துத்தான்.

எதிர்வீட்டுக்காரர் நலம் விசாரிக்க வந்தார். அத்தான் எலும்பும் தோலுமாக நாற்காலியில் சாய்ந்திருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். எனக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

"பெரிய பெரிய விஞ்ஞானிங்க எல்லாம் சேர்ந்து ஒரு மருந்தைத் தூக்கிட்டு வந்தாங்க சார். எனக்குப் பார்த்ததுமே சந்தேகம். இதோ, என் மச்சினிகிட்ட நான்தான் சொன்னேன். நீ மேல நிக்கிற கலங்கலை ஒரு தடவை பாரும்மான்னு."

அக்கா சமையலறையிலிருந்து என்னை எட்டிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தால் அந்த மனிதரின் மானம் காற்றில் பறக்கும். இருபது வருஷமாக அதைத்தான் செய்திருக்கிறேன். அலுத்ததே இல்லை.

மூச்சு வாங்கியது அவருக்கு. நடுவில் நிறுத்தினார். எதிர்வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்புறம் என்ன சொன்னீங்க அத்தான்?" என்று கேட்டேன்.