சனிக்கிழமைத் தட்டு

மாதுங்கா,
நவம்பர் 10.

அன்புள்ள உமாமகேஸ்வரிக்கு,

வானமாமலை எழுதுவது. நான் சௌக்கியம் என்று எழுத வேண்டிய இடம் இது. சென்ற வாரம் பார்த்ததில் இரத்த அழுத்தம் நூற்று முப்பதுக்கு எண்பது இருந்தது. ஆகையால் அப்படியே எழுதுகிறேன். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் நலந்தானே? போன் செய்தால் வெங்கடேஷ் அத்தான்தான் எடுக்கிறார். உமா சாப்பிட்டாளா என்றால் சாப்பிட்டாள் என்கிறார். பேசுவாளா என்றால் இங்கே நல்ல மழை என்கிறார். பாளையங்கோட்டையில் இத்தனை மழை பெய்து நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் கடிதம்.

வீட்டில் குறை ஒன்றும் இல்லை. தண்ணீர் பழையபடி ஆறரைக்கு வருகிறது. சாதமும் ரசமும் வைத்துக்கொள்கிறேன். அஷ்வத்தின் அறையை நீ சாத்தியபடியே விட்டிருக்கிறேன். அவன் போனை மட்டும் எடுத்து வந்து தினமும் சார்ஜ் போடுகிறேன். ஏன் என்று கேட்காதே. பூட்டு எண் நம் வீட்டு பின்கோடுதான். முதல் முயற்சியிலேயே திறந்துகொண்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டு பத்ரியின் மனைவி உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது. மூன்று சனிக்கிழமைகளாக தேவ்நாரில் ஒரு தெருவோரக் கடையில் நான் பன்றி இறைச்சி சாப்பிட்டு வருகிறேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அஷ்வத் போன பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு நான் தகவல் சொன்னேன். நீயே பார்த்தாய், குரல் கம்மவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் இறப்புக் கோரிக்கைப் பிரிவில் இருந்தவனுக்கு அந்த வாசகங்கள் தாமாகவே வரும். குர்லா நிலையப் படிக்கட்டு, மாரடைப்பு, வயது முப்பத்தொன்று, காரியம் பதினாறாம் நாள். யாரும் விட்டுப்போகவில்லை என்று உன்னிடமும் சொன்னேன். அது தவறு. ஒருத்தி விட்டுப்போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி ஆனால் அவன் போனில் ஒரு செய்தி வரும். ஆங்கில எழுத்தில் இந்தி. இன்றைக்குச் செய்திருக்கிறேன், உனக்குத் தட்டு எடுத்து வைக்கவா என்று இருக்கும். தகனம் செய்த அந்த வாரமும் வந்தது, அடுத்த இரண்டு வாரமும் வந்தது. நான்காவது முறை வந்தபோது படிக்கக் கண்ணாடியைத் தேடினேன். விரல் எங்கோ பட்டு, அவன் போனிலிருந்து சரி என்று கட்டைவிரல் படம் ஒன்று போய்விட்டது. அவள் உடனே ஒரு சிரித்த முகம் அனுப்பினாள்.

அதை மறுத்து எழுதியிருக்கலாம். ஆனால் ஒருவன் இறந்த செய்தியை அவனுடைய போனிலிருந்தே அனுப்புவது முறையாகப் படவில்லை. ஊரில் ஆள் விட்டுச் சொல்லும் வழக்கம் உனக்குத் தெரியும். தனக்குச் சொல்லிவிடவில்லை என்று உன் பெரியப்பா மகள் பதினொரு வருஷம் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

கடை இருக்கும் இடம் அவளுடைய பழைய செய்திகளிலேயே இருந்தது. தேவ்நாரில் ஒரு கல்லூரி மதிலை ஒட்டி நீலத் தார்ப்பாய், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல். கடைக்காரி மணிப்பூர்ப் பக்கம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, எல்லோரும் ஆண்ட்டி என்கிறார்கள். நான் அஷ்வத்தின் அப்பா என்றேன். மேற்கொண்டு சொல்லுவதற்குள், “அரே அங்கிள், பைட்டியே, பைட்டியே” என்று தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். பையன் எங்கே என்றாள். பூனா போயிருக்கிறான் என்றேன். அந்த ஊர் ஏன் வாயில் வந்தது என்று தெரியவில்லை. அதற்குள் அவன் தட்டை என் முன்னால் வைத்தாள்.

அது என்னவென்று நீ கேட்பாய். நாம் பிழியும் சேவையைப் பிழியாமல் நாடா போலப் பட்டையாக வெட்டினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி அரிசி நூடுல்ஸ். அதன்மேல் இஞ்சி பூண்டோடு நாலு மணி நேரம் சிறுதீயில் வெந்த இறைச்சி, தோலும் கொழுப்புமாக. பக்கத்திலேயே வெட்டுகிறார்கள், புதுசு என்று உத்தரவாதம் கொடுத்தாள். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல ஆரம்பித்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டேன். அறுபத்தாறு வயது வரை முட்டைகூடத் தொட்டதில்லை. ருசி எப்படி என்று கேட்டால் ஒன்றும் தெரியவில்லை. இந்த நாற்பது நாளில் ரசமும் தெரியவில்லை. பன்றியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. ஆடி அமாவாசை ராத்திரிப் பலகாரத்துக்கு நீ கடுகு, பெருங்காயம், தேங்காய் போட்டுத் தாளித்தாயே, அஷ்வத் வாங்கி வந்த அந்தப் பட்டைச் சேவை இவள் கடையினுடையதுதான். பயப்படாதே. அரிசியும் தண்ணீரும் மட்டுமே, விசாரித்துவிட்டேன். மறுநாள் உன்னுடையதில் ஒரு டப்பா அவளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அந்தக் கடுகு விஷயத்தை ஆண்ட்டி வந்து எனக்குச் சொல்லித் தர வேண்டும் என்றாள். அவள் ஆண்ட்டி என்றது உன்னை.

இரண்டாம் வாரம் சொல்லத்தான் போனேன். பூனாவில் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டாள். நன்றாகப் போகிறது என்றேன். மேலதிகாரி நல்ல மனிதர் என்றும் சேர்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. போனில் ஏன் பதில் இல்லை என்றாள். புது எண் என்றேன். அப்பாவை அனுப்பிவிட்டு அவன் ஊர் சுற்றுகிறான், வரட்டும், காதைப் பிடித்துத் திருகுகிறேன் என்றாள். திருகு என்றேன்.

மூன்றாவது தடவை, அதாவது முந்தாநாள், பத்ரி அந்தப் பக்கம் வந்துவிட்டார். இங்கே என்ன சார் என்றார். பேங்க் வேலை என்றேன். நாற்பது வருஷம் பேங்கில் இருந்தவருக்கு இரண்டாவது சனிக்கிழமை விடுமுறை என்று தெரியாமல் போகுமா? “ஓகோ” என்று சொல்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே போனார். அது போகட்டும். அன்றைக்கு எனக்குக் காரம் தெரிந்தது, உமா. நாக்கில் நன்றாகவே தெரிந்தது. எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது அவள் சொன்னாள். கடையை மூடுகிறாளாம். நவம்பர் இருபத்தொன்பது கடைசிச் சனிக்கிழமை, மறுநாள் ரயில், இனி ஊரோடுதான். பூனாவிலிருந்து அன்றைக்கு அவன் வந்தே தீர வேண்டும், அவனுக்கென்றே சமைக்கப் போகிறேன் என்றாள். தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டு நாளாக யோசிக்கிறேன். சொல்லாமல் விட்டால் அவள் சந்தோஷமாக ஊர் போய்ச் சேருவாள். நம் பையன் மணிப்பூர் மலையில் ஒரு வீட்டில், வராமல் ஏமாற்றிய சோம்பேறியாக இன்னும் ஐம்பது வருஷம் இருப்பான். ஒரு தகப்பனாக எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் தட்டைப் போட்டு வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்திருப்பாள். ஆறு வருஷம் அவனுக்குச் சோறு போட்டவளை அப்படி உட்கார வைக்க நமக்கு உரிமை இல்லை. அவளுக்குச் சொல்லியாக வேண்டும். தனியாகப் போனால் நான் மறுபடி பூனா என்றுதான் சொல்வேன். என்னை எனக்குத் தெரியும்.

நீ வர வேண்டும். எதுவும் சாப்பிட வேண்டாம், தார்ப்பாய்க்கு வெளியே நின்றால் போதும். நீயும் இன்னும் யாரிடமும் அவன் போய்விட்டான் என்பதை வாய் திறந்து சொல்லவில்லை என்று அத்தான் சொன்னார். நாகர்கோவில் வண்டியில் கீழ் பெர்த் எடுத்து அவருக்கு அனுப்பியிருக்கிறேன். கல்யாணிலேயே வந்து நிற்கிறேன், அங்கிருந்து சேர்ந்து வந்துவிடலாம்.

மனைவிக்கு எழுதும் கடிதத்தைத் தீர்க்க சுமங்கலியாக இரு என்று வாழ்த்தி முடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். அது என் ஆயுளைப் பற்றிய ஆசீர்வாதம். இந்த முறை அதை எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. இருபத்தொன்பதாம் தேதி பதினொரு மணிக்கு முன்னால் நீ இங்கே இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வானமாமலை