இரண்டு கைப்பிடிக் கோப்பை

பல்லேகல கிரிக்கெட் கிரவுண்ட்,
வியாழக்கிழமை.

அன்புள்ள கஜனி அக்காவுக்கு,

இல்லை, அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நீ கடிதத்தை கிரவுண்ட் விலாசத்துக்கு அனுப்பியது நல்ல வேலை. வாட்ஸப்பில் எழுதியிருந்தால் அம்மா என் போனை எடுத்துப் பார்த்திருப்பார். அதனால்தான் நானும் தாளில் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

படிப்பை விட்டுவிட்டு வருவது எப்படி என்று கேட்டிருக்கிறாய். நம் வீட்டில் அதில் அனுபவம் உள்ளவன் நான் ஒருத்தன்தான். விடுவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு கம்பஸிலிருந்து பஸ் ஏறினேன், அவ்வளவுதான். வீட்டில்தான் கஷ்டம். அப்பா ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கடையில் மூட்டை இறக்க ஆள் இல்லாமல் ஒருநாள் "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டார். அதோடு முடிந்தது.

உன் விஷயம் வேறு. உன் காலேஜ் படத்தைப் பெரிதாக்கி, கல்லாவுக்கு மேலே பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார் அப்பா. பருப்பு வாங்க வருகிறவர்கள் தப்ப முடியாது. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிஷப் ஏழைப் பையன்கள் படிக்கக் கட்டியது, சாப்பிடுமுன் லத்தீனில் மந்திரம், கறுப்பு அங்கி, மெழுகுவர்த்தி, புரொபெசர்மாரைத் தவிர யாரும் மிதிக்கக்கூடாத புல், எல்லாம் வரும். நீ போனில் சொன்னதுதான், கொஞ்சம் உப்புக் காரம் சேர்த்து. பக்கத்துத் தேத்தண்ணிக் கடை இருளப்பன் மாமா, "அப்ப புல்லு வெட்டுறவன் பறந்துக்கிட்டா வெட்டுவான்?" என்று கேட்டார். இரண்டு நாள் அப்பா அங்கே தேத்தண்ணி குடிக்கவில்லை.

இப்போது புதுக்கதை அந்தக் கோப்பைதான். விருந்தில் இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கோப்பை கைமாறி வரும், குடிக்கிறவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும், அந்த நேரம் யாரும் பின்னாலிருந்து குத்திவிடாமல் கோப்பையைக் கொடுத்தவர் எழும்பி முதுகுக்குக் காவல் நிற்க வேண்டும் என்று சொன்னாயே. நீ வழக்கத்தை மட்டும்தான் சொன்னாய். மீதியை அப்பா சேர்த்துக்கொண்டார். "எம் புள்ள குடிக்கிறப்ப ஒரு வெள்ளக்காரன் எந்திரிச்சுக் காவல் நிக்கிறான்யா!" அம்மாவுக்கு ஒரே கவலை, கோப்பைக்குள் என்ன என்று. திராட்சை ஜூஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

உன் கடிதம் கிடைத்த அன்று சாயங்காலமும் அப்பா இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நீ எழுதியபடி, உன்னிடம் கோப்பையைக் கொடுத்தவன் உட்கார்ந்து, அந்தப் பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்துவிட்டான். நீ அவசரமாக ஒரு வாய் குடித்தாய். அடுத்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, அவளுக்கு முறையாகக் காவல் நின்றாய். இதுதானே நடந்தது? அவன் மறந்திருப்பான் என்று நீயே எழுதுகிறாய். இருக்கலாம். ஒருத்தனுடைய மறதிக்காக யாரும் ஊருக்குத் திரும்பி வருவதில்லை, அக்கா. அந்த ஒருநாள் மட்டும் இல்லை என்பது எனக்கு விளங்குகிறது.

ஆனால் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். லேபைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை, நீ சந்தோஷமாக எழுதியிருக்கிறாய் என்பதைத் தவிர. எனக்கு கம்பஸில் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பாதி நாள் லெக்சருக்குப் போகாமல் இங்கே வந்து ரோலர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் இங்கே கிரவுண்ட் வேலைக்கு வருவதற்காக அதை விட்டேன். நீ எங்கே வருவதற்காக விடுகிறாய்? அதை எழுதவே இல்லை.

போன மாசம் ஒரு மேட்ச். மழை விட்டுவிட்டது. இரண்டு டீமும் உடுத்தி நிற்கிறது. பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். எங்கள் கிரவுண்ட் ஆட்களுக்குத் தலைவர் அழகமுத்து அண்ணன், "தண்ணி வடியட்டும் சேர்" என்று சொல்லிவிட்டு, பிட்ச் மேல் மூடிய கவரின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கத்திப் பார்த்தார்கள். பிறகு சும்மா காத்திருந்தார்கள். வேறு என்ன செய்வது, கவர் எங்கள் கையில்.

அடுத்த விருந்து மார்ச்சில் என்றாய். போ. அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார். கோப்பை வந்ததும் எழும்பி நில், ஆனால் குடிக்காதே. அடுத்தவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். உன் கையைத் தாண்டாமல் அது எங்கேயும் போகாது. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நில். அறுநூறு வருஷம் ஓடிய வழக்கம், இரண்டு நிமிஷம் நின்றால் ஒன்றும் ஆகிவிடாது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவன் எழும்பட்டும். பிறகு குடி.

அதற்கப்புறமும் வரத் தோன்றினால் வா. கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். அப்பாவிடமும் நானே சொல்கிறேன், எனக்குத் திட்டு வாங்கிப் பழக்கம். படத்தையும் நானே இறக்கிவிடுகிறேன்.

ஹுன்னஸ்கிரிய பக்கம் மலை கறுத்துவிட்டது. அழகமுத்து அண்ணன் கத்துகிறார், கவர் இழுக்க ஆள் போதாது. நான் போக வேண்டும். கோப்பையை மட்டும் சும்மா கொடுத்துவிடாதே, அக்கா.

உன் தம்பி
யுகேஷ்